பதினெட்டுச் சாமானும் ஏழு கிழங்கும்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக்கும் உங்கள் தங்கையைக் கட்டிய பாவியுமாகிய நான் எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, பழக்க தோஷம். அங்கே தாங்களும் அக்காவும் தங்கள் முழங்கால் வலியும் சௌக்கியம்தானே?

தாங்கள் அன்போடு எழுதிய கடிதம் கிடைத்தது. "மாப்பிள்ளை, என் தங்கச்சிக்கு வாய்க்கு ருசியா ஒரு வாய் சோறு போடுறீங்களா, இல்ல பட்டினி போட்டே அனுப்பிடலாம்னு முடிவு பண்ணிட்டீங்களா?" என்று நலம் கூட விசாரிக்காமல் முதல் வரியிலேயே கேட்டிருந்தீர்கள். சந்தோஷம். கூடவே, நோயாளிக்குத் தெம்பு தரும் சாறு என்று ஒரு செய்முறையும், அதற்கு வேண்டிய பதினெட்டுச் சாமான்களின் பட்டியலும் இருந்தது. கப்பலில் நாற்பது வருஷம் தலைமைச் சமையல்காரராக இருந்தவர், எழுதத்தான் செய்வீர்கள். மஜ்ஜையுள்ள எலும்பு, வெண்ணெய், காளான், பாதாம்... ஆறு மணி நேரம் சிறுதீயில் வைக்க வேண்டுமாம். அந்தக் கடிதம் வந்து சேர்ந்த அன்று எங்கள் வீட்டில் இருந்ததை எழுதுகிறேன், படித்துக்கொள்ளுங்கள்: அரை மூட்டை அரிசி, கொஞ்சம் பருப்பு, தாடி மீசை முளைத்த உருளைக்கிழங்கு ஏழு, ஒரு முட்டைக்கோஸ், நான்கு முட்டை, பால் பவுடர், வேர்க்கடலை, கல் மாதிரி ஆன ரொட்டி. பாதாம் என்கிற பெயரில் வீட்டில் இருந்தது உங்கள் தங்கையின் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் ஒன்றுதான்.

கடைக்குப் போக வேண்டியதுதானே என்பீர்கள். கடிதத்தைக் கொண்டுவந்த தபால்காரரே பேன்ட்டை முட்டிக்கு மேல் சுருட்டிக்கொண்டுதான் வந்தார். அன்று மாலையே தெருவில் தண்ணீர் இடுப்புக்கு ஏறிவிட்டது, ஒன்பது நாள் வடியவில்லை. கடையெல்லாம் இழுத்து மூடிக் கிடந்தது. முப்பத்தோரு வருஷம் ஊரையே மேலே ஏற்றி இறக்கியவன், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் நாலாவது மாடியில் குடியிருக்கிறேன் என்று நீங்கள் சிரித்தது போதும், இப்போது அந்த நாலாவது மாடிதான் எங்களைக் காப்பாற்றியது. ஆனால் அவளைத் தனியாக விட்டுவிட்டு நான் எங்கே இறங்குவது? வயிற்றில் கட்டியை எடுத்ததிலிருந்து கழிவறைக்குப் போவதற்கே என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள்.

விஷயம் என்னவென்றால், அடுத்த மருந்தை ஏற்ற வேண்டுமானால் அவள் நாற்பத்திரண்டு கிலோவாவது இருக்க வேண்டும், இல்லையென்றால் உடம்பு தாங்காது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அப்போது இருந்தது நாற்பதரை. "பத்து நாள்ல ஒன்றரை கிலோ ஏத்திக் கூட்டிட்டு வாங்க" என்றார், ஏதோ லாரியில் மூட்டை ஏற்றச் சொல்வதைப்போல. மச்சான், எந்தக் கடையிலும் ஒன்றரை கிலோ எதைக் கேட்டாலும் அரை நிமிஷத்தில் நிறுத்துக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். எதைத் தின்றாலும் துருப்பிடித்த ஆணியைச் சப்புகிற மாதிரி இருக்கிறது என்று வாயை மூடிக்கொள்கிற ஒருத்தி மேல் ஒன்றரை கிலோ ஏற்றுவது எப்படி என்று உங்கள் கப்பலில் யாராவது சொல்லிக் கொடுத்தார்களா?

முதல் நாள் பருப்பையும் மூன்று கிழங்கையும் குழைய வேகவைத்து, சத்தாக இருக்கட்டும் என்று பால் பவுடரை நாலு கரண்டி அள்ளிப் போட்டுக் கிண்டினேன். சாம்பல் நிறத்தில் வந்தது. அவள் கிண்ணத்தையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். "இது சாப்பிடுறதுக்கா, இல்ல சுவத்துல விரிசல் அடைக்கிறதுக்கா?" என்றாள். இரண்டு கரண்டி சாப்பிட்டாள், அது மரியாதைக்கு. இரண்டாம் நாள் முட்டைக்கோஸ் சாறு வைத்தேன். தண்ணியாக இருந்ததால் கெட்டிப்படுத்த அலமாரியில் மாவு தேடினேன். உங்கள் தங்கை ஒரு டப்பாவிலும் பெயர் எழுதி வைத்ததில்லை, மூக்கே அவளுக்கு அகராதி. வெள்ளையாக, வழவழவென்று ஒரு மாவு கிடைத்தது. கலந்தேன், அருமையாகக் கெட்டிப்பட்டது, கரண்டியை நட்டால் நின்றது. கொண்டுபோய்க் கொடுத்தால் முகர்ந்து பார்த்துவிட்டு, "இது துணிக்குப் போடுற கஞ்சி மாவுங்க" என்றாள். நான் பதறிப்போய்க் கிண்ணத்தைப் பிடுங்கினேன். அவளோ சிரிக்கிறாள். "என்னை விறைப்பா ஆக்கணும்னு இவ்வளவு கஷ்டப்படணுமா? கொஞ்ச நாள் பொறுங்க, அது தானா நடக்கும்." கிண்ணத்தோடு அடுப்படிக்குத் திரும்பினேன், மச்சான்.

மூன்றாம் நாள் குக்கர். அதைப் பற்றி அதிகம் எழுதுவதற்கில்லை. விசில் வரவில்லையே என்று நான் வெயிட்டைத் தொட்டேன், அதற்கென்றே காத்திருந்த மாதிரி மிச்சமிருந்த முட்டைக்கோஸ் முழுவதும் கூரைக்குப் போய்விட்டது. இன்றும் விளக்கைச் சுற்றிப் பச்சையாக இருக்கிறது. கீழ்வீட்டுத் தையல்காரம்மா மூச்சிரைக்க ஓடிவந்து, "என்னண்ணே, சிலிண்டரா?" என்றார். "முட்டைக்கோஸ்" என்றேன். அந்த அம்மா கீழே போய் இரண்டு வெங்காயமும் ஒரு கைப்பிடி பட்டாணியும் கொண்டுவந்து கொடுத்தார். அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. மாடிப்படிக்கு நடுவே இருக்கும் சந்தில் மேலே ஒரு கப்பியை மாட்டி, கயிற்றில் வாளியைக் கட்டிக் கீழே இறக்கினேன். எந்தெந்த வீட்டில் என்ன மிச்சம் இருக்கிறதோ வாளியில் போடுங்கள், எனக்குக் கிடைப்பதில் சமைத்து உங்களுக்கும் அனுப்புகிறேன் என்று கத்தினேன். என் தொழில் மானத்தைக் காப்பாற்றியது. கால் பூசணி வந்தது, மூன்று முட்டை வந்தது, யாரோ ஒரு புண்ணியவான் அரை டப்பா வெண்ணெயே போட்டிருந்தார். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு லிஃப்ட்டைக்கூடக் கீழே விடாதவன், ஆறாம் நாள் ஒரு முழுப் பூசணியை நழுவவிட்டேன். அது குடியிருப்போர் சங்கச் செயலாளரின் தோளில் இறங்கியது. "மேல இருந்து இப்படித்தான் அடிப்பீங்களா?" என்று கேட்டார். பூசணிக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஏழாம் நாள்தான் எனக்குக் கை வந்தது. காய்ந்த ரொட்டியை உடைத்து வெண்ணெயில் சிவக்க வறுத்தேன். வெங்காயத்தையும் பூசணியையும் வதக்கிக் குழைத்தேன். வேர்க்கடலையை அரைத்து ஊற்றினேன். இறக்கும்போது முட்டையை உடைத்துவிட்டுக் கிண்டினேன். எந்தப் புத்தகத்திலும் இல்லாத சமையல், பெயரும் கிடையாது. ஆனால் வாசனை நாலு மாடிக்கும் போனது. ஒரு கரண்டி வாயில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். "இதுல உயிர் இருக்குங்க" என்றாள். ஆறு கரண்டி, மச்சான்! நானே எண்ணினேன். அரை மணி நேரத்தில் எல்லாம் வெளியே வந்துவிட்டது, அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். வாயைத் துடைத்துவிட்டேன், படுக்கையை மாற்றினேன். கடைசியில், "மிச்சம் இருக்கா?" என்று கேட்டாள். இருந்தது. நாலு கரண்டி. அது உள்ளே தங்கியது. அடுப்பங்கரையில் போய் நின்று கொஞ்ச நேரம் பாத்திரம் கழுவினேன், கழுவின பாத்திரத்தையே.

தண்ணீர் வடிந்தது. நேற்று ஆம்புலன்ஸ் ஓட்டுநரும் நானும் அவளை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு நாலு மாடி இறங்கினோம். ஆஸ்பத்திரியில், "குளிருதும்மா, கோட்டை மட்டும் கழட்டச் சொல்லாதே" என்று நர்ஸிடம் கெஞ்சிக்கொண்டே தராசில் ஏறினாள். முள்ளைப் பார்க்கப் பயந்து நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். "நாற்பத்திரண்டு புள்ளி ஆறு!" என்றது அந்தப் பெண். "அப்படி என்ன சமைச்சுப் போட்டீங்க ஐயா?" என்று கேட்டுவிட்டது. அவ்வளவுதான், வரிசையில் இருந்த அத்தனை பேருக்கும் வெண்ணெயில் ரொட்டி வறுப்பதிலிருந்து சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். இரண்டு பேர் எழுதிக்கொண்டார்கள். செவ்வாய்க்கிழமை மருந்து ஏற்றலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

ஆகவே மச்சான், தாங்கள் கவலைப்பட ஏதுமில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால், நான் ஆசையாகச் செய்த குழம்பை நாலு விருந்தாளிகள் முன்னால், "இதை மனுஷன் தின்பானா?" என்று தொட்டியில் கொட்டினீர்கள். இனி இந்த வாசற்படி ஏறாதீர்கள் என்று நான் சொன்னதும், நீங்கள் ஏறாமல் இருந்ததும் நினைவிருக்கும். அந்தச் சொல் அப்படியே இருக்கட்டும். உங்கள் தங்கையை நான் பார்த்துக்கொள்வேன். கிளம்பி வருகிறேன் என்று எழுதியிருந்தீர்கள், வர வேண்டாம். பதினெட்டுச் சாமானும் உங்களிடமே இருக்கட்டும்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி. தங்கள் முழங்கால் இந்த மழைக்கு மடங்காமலும், தங்கள் நாக்கு இனியாவது கொஞ்சம் மடங்கியும் நீடூழி வாழப் பிரார்த்திக்கும்,

தங்கள் தங்கையின் கணவன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டேன், இன்று காலை மறுபடியும் கிழித்து எழுதுகிறேன். துவைப்பதற்காக அவளுடைய கோட்டை எடுத்தேன், கை தாழ்ந்தது. உள்பையில் என்னுடைய பெரிய ஸ்பேனர் மூன்று, சத்தம் வராமல் ஒவ்வொன்றும் கைக்குட்டையில் சுற்றியிருந்தது. தையல்காரம்மா வீட்டுத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். இரண்டரை கிலோ. அதாவது ஒன்பது நாள் என் சமையலில் அவள் நானூறு கிராம் இறங்கியிருக்கிறாள்.

"ஏம்மா இப்படிப் பண்ணே?" என்று கேட்டேன். "முள்ளு ஏறலேன்னா உங்க மூஞ்சியை நான் எப்படிங்க பாக்குறது?" என்றாள். எடையைப் பார்த்துத்தான் மருந்தின் அளவைப் போடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி உண்மையைச் சொல்லிவிட்டேன். டாக்டரம்மா, செவ்வாய்க்கிழமை வேண்டாம், இன்னும் பத்து நாள் பார்ப்போம் என்றார். அதற்குப் பிறகு என்ன என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படியுங்கள், மச்சான். கிடைத்த வண்டியைப் பிடித்து வாருங்கள். நாலு மாடியும் நான் கைபிடித்து ஏற்றிவிடுகிறேன். பதினெட்டில் எது கிடைக்கிறதோ அதைக் கொண்டு வாருங்கள், எதுவும் கிடைக்காவிட்டால் வெறுங்கையோடு வாருங்கள். அடுப்பில் நான் வைத்திருப்பதைத் தொட்டியில் கொட்டுங்கள், வாய் திறக்க மாட்டேன். வெங்காயத்தை மட்டும் என்னிடம் விட்டுவிடுங்கள், அதை நான் நறுக்கித் தருகிறேன்.