காட்டன் அண்ணன் பனி ஸ்கூட்டர் ஏறிய கதை

பாலியஸ்டரைத் தொட்டுவிட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவுகிற மனிதர் திருப்பூரில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் காட்டன் அண்ணன்.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். வாட்ச்மேனிலிருந்து முதலாளி வரைக்கும் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. மங்கலம் ரோட்டில் நாங்கள் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் துணி செக்ஷனுக்கு அவர்தான் இன்சார்ஜ். நான் மாடியில் மெர்ச்சன்டைசர். அதாவது ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டுக்காரருக்கும் கீழே ஓடும் மெஷினுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற உத்தியோகம்.

அண்ணனோடு பஸ்ஸில் போவது ஆபத்தான காரியம். ஒருமுறை பல்லடம் போகிற தனியார் பஸ்ஸில் நிற்க இடமில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தோம். முன்னால் நின்றவரின் சட்டைக் காலரை அண்ணன் பின்னாலிருந்து இரண்டு விரலால் பிடித்து மெதுவாகத் தேய்த்தார். அந்த ஆள் திரும்பிய வேகத்தைப் பார்த்தால் பிக்பாக்கெட் என்றுதான் நினைத்திருக்க வேண்டும்.

"ஏனுங்க, இந்தச் சட்டைய எங்க வாங்குனீங்க?" என்றார் அண்ணன், துக்கம் விசாரிக்கிற குரலில். "மிக்ஸிங்குங்க, பாலியஸ்டர் கலந்தது. உங்களை நல்லா ஏமாத்திப்போட்டாங்க."

கண்டக்டர் விசில் அடித்து வண்டியை நிறுத்தி எங்கள் இருவரையும் இறக்கிவிட்டார். மீதி தூரம் வெயிலில் நடந்தோம். வழி நெடுக அந்த மனிதருக்காக அண்ணன் வருத்தப்பட்டுக்கொண்டே வந்தார்.

அவருடைய அக்கா மகன் கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளை பளபளவென்று ஷெர்வானி போட்டு நின்றான். அண்ணன் மேடை ஏறினார், மொய்க்கவர் கொடுத்தார், வாழ்த்துகிற சாக்கில் தோளைத் தடவினார், முகம் சுண்டி இறங்கிவிட்டார். பந்தியில் பக்கத்து இலைக்காரர் மாப்பிள்ளை எப்படி என்று கேட்டதற்கு, "பையன் தங்கமுங்க. துணிதான் சரியில்லை" என்றார்.

இப்படிப்பட்டவர் இருக்கிற கம்பெனிக்கு ஒரு நாள் பாலியஸ்டர் டீ-ஷர்ட் ஆர்டர் வந்தது. விளையாட்டுக்காரர்கள் போடுவது. அண்ணன் மூக்கில் கர்ச்சீப் கட்டிக்கொண்டு வேலை பார்த்தார். முதலாளி கூப்பிட்டு, "அண்ணா, காலம் மாறிப்போச்சுங்க" என்று சமாதானம் சொன்னார்.

"காலம் மாறட்டுமுங்க மொதலாளி. வேர்வை மாறலீங்களே" என்றார் அண்ணன்.

முதலாளி கணக்கு நோட்டை எடுத்துப் புரட்ட ஆரம்பித்தார். உண்மையில் எனக்கு அண்ணன் மேல் ஒரு பயங்கலந்த மரியாதையே இருந்தது. ஒரு விஷயத்தை அவ்வளவு முழுசாக நம்புகிறவரை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அவருடைய மனைவி தெய்வானை அக்கா எங்கள் கம்பெனியிலேயே பேக்கிங்கில் இருந்தார். அண்ணனுக்கு வண்டி ஓட்ட வராது. தினமும் காலையில் அக்கா ஸ்கூட்டியை ஓட்ட, அண்ணன் பின்னால் டிபன் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியபடி வந்து சேருவார். மங்கலம் ரோட்டில் நூல் மூட்டை லாரிக்கும் மினி பஸ்ஸுக்கும் நடுவில் அக்கா புகுந்து வருவதைப் பார்த்தால் எனக்கே கண்ணை மூடத் தோன்றும்.

தீபாவளி முடிந்த வாரம், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா போனில் ஒரு வீடியோவை எங்களிடம் காட்டினார். காஷ்மீரில், குல்மர்க் என்கிற ஊரில், வெள்ளை வெளேரென்ற பனியில் ஒரு பெண் ஸ்கூட்டர் மாதிரி ஒன்றை ஓட்டிப் போகிறாள். சக்கரத்துக்குப் பதில் முன்னால் இரண்டு சறுக்குக்கட்டை, பின்னால் ஒரு பட்டை. பனி இரண்டு பக்கமும் சீறிப் பறக்கிறது.

"ஏனுங்க, எனக்கு இதுல போகோணுமுங்க" என்றார் அக்கா.

அண்ணன் தயிர்ச்சாதத்தில் கை வைத்தபடி யோசித்தார். "பழனிக்கு வேணா போலாமே."

"பழனிக்கு வருசா வருசம் போறமுங்க. அங்க பனி இல்லீங்களே. பனியன் ஊர்ல பொறந்துட்டு, பனிய ஒருக்காவாச்சும் பாக்கோணுமில்லீங்களா?"

நான் சிரித்தேன். அண்ணன் சிரிக்கவில்லை. அக்கா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அக்கா தனக்கென்று வாய்விட்டு எதையும் கேட்டதில்லை என்பதை அவர் அப்போதுதான் கண்டுபிடித்தார் என்று நினைக்கிறேன். "சரி புள்ளை, போலாம்" என்றார். என்ன சொன்னோம் என்பது அவருக்கு விளங்கக் கை கழுவும் வரை ஆயிற்று.

ஊரே பொங்கலுக்கு மூடிக்கிடக்கும் வாரத்தில் போவது என்று முடிவானது. எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. கம்பெனியில் வேலை செய்யும் பீகார்ப் பையன்களோடு பேசிப் பேசி இந்தி வரும். ஆகவே நானும் வர வேண்டும் என்று அண்ணன் சொல்லிவிட்டார். குல்மர்க்கில் அறை போட்ட ஹோட்டல்காரர் மூலமாகப் பனி ஸ்கூட்டர் வாடகைக்கு விடும் ஒருவரின் நம்பர் வாங்கினேன். ஸ்பீக்கரில் போட்டு, அண்ணன் கேட்கக் கேட்க நான் இந்தியில் கேட்டேன்.

"ஹாரன் இருக்குதுங்களான்னு கேளுங்க தம்பி."

இல்லை என்றார் அவர்.

"அப்பறம் எதுக்கால வர்ற வண்டி எப்படி ஒதுங்கும்? பிரேக்கு?"

அது இருக்கிறது. லைசென்ஸ் வேண்டாம், ஆனால் முதல்முறை வருகிறவர்கள் தான் சொன்னபடி கேட்க வேண்டும் என்றார். பூட்ஸ் அங்கே கிடைக்கும், கையுறை இரண்டு ஜோடி வேண்டும், கறுப்புக் கண்ணாடி கட்டாயம், உடம்பில் மெல்லிசாக ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று துணி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். நானும் மொழிபெயர்த்துக்கொண்டே வந்து, ஓர் இடத்தில் நின்றுவிட்டேன்.

"என்னங்க தம்பி சொல்றாரு?"

"அண்ணா, கோவிச்சுக்காதீங்க. காட்டன் மட்டும் போட்டுட்டு வராதீங்கங்கறாரு."

அண்ணன் குனிந்து போனை உற்றுப் பார்த்தார்.

"மறுக்காக் கேளுங்க. நம்மூரு காட்டன் அவருக்குத் தெரியாம இருக்கும்."

மறுபடி கேட்டேன். அந்த மனிதர் பொறுமையாக விளக்கினார். வண்டி ஓட்டினால் பனியிலும் வேர்க்கும். காட்டன் அந்த வேர்வையைக் குடித்துவிட்டு வைத்துக்கொள்ளும். ஈரம் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே காட்டன் போட்டு வந்தால் வண்டியில் ஏற்றமாட்டேன். உடம்பை ஒட்டிப் போடுவதற்குப் பாலியஸ்டர்தான் சரி.

அண்ணன் எழுந்து போய்விட்டார். இரண்டு மூன்று நாள் என்னோடு பேசவில்லை, ஏதோ நான்தான் அதைச் சொன்னது மாதிரி.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, "பல்லடம் வரைக்கும் போய்ட்டு வரலாமுங்களா" என்றார். அவருடைய சிநேகிதர் ஒருவர் அங்கே கோழி வெட்டி உறைய வைத்து அனுப்பும் தொழில் செய்கிறார். அந்தக் குளிர் அறையைத்தான் அண்ணன் பரீட்சை மண்டபமாக ஏற்பாடு செய்திருந்தார். பையில் ஒரு காட்டன் பனியன், கம்பெனியில் ஒதுக்கிய ஒரு பாலியஸ்டர் டீ-ஷர்ட், ஒரு பாட்டில் தண்ணீர்.

முதலில் காட்டனை நனைத்துப் பிழிந்து போட்டுக்கொண்டு, மேலே ஸ்வெட்டர் மாட்டி, உரித்த கோழிகளுக்கு நடுவில் போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். கதவின் சின்னக் கண்ணாடி வழியாக நானும் சிநேகிதரும் பார்த்தோம். கொஞ்ச நேரம் ஒரு சாமியாரைப் போலத்தான் இருந்தார். அப்புறம் தாடை ஆட ஆரம்பித்தது. கதவைத் திறந்து இழுத்து வந்தோம். வெயிலில் உட்கார்ந்து உடம்பு சூடானதும் பாலியஸ்டரை அதேபோல நனைத்துப் பிழிந்து போட்டுக்கொண்டு மறுபடி போனார். இந்த முறையும் நடுங்கினார். ஆனால் வெகுநேரம் தாங்கினார். போதும் வாங்க என்று நாங்கள்தான் கதவைத் தட்டினோம்.

வெளியே வந்து காலிக் கோழிக்கூண்டு ஒன்றின்மேல் உட்கார்ந்தார். நல்ல வெயில். அவர் மட்டும் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தார்.

"அந்தாளு சொன்னது நெசந்தானுங்க தம்பி" என்றார்.

விஷயம் அக்கா காதுக்குப் போயிற்று. அடுத்த நாள் சாப்பாட்டு நேரத்தில், "விடுங்க. உங்களுக்குப் புடிக்காதத உடம்புல போட்டுட்டு வரோணும்னு ஒண்ணுமில்லீங்க. நாம பழனிக்கே போலாம்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் போனில் அந்த வீடியோவை அதற்குப் பிறகு அவர் திறக்கவில்லை என்பதை நான் கவனித்தேன். அண்ணனும் கவனித்திருக்க வேண்டும்.

சில நாள் கழித்து ஒரு கலர் சாம்பிளைத் தேடிக்கொண்டு கீழே துணி குடோனுக்குப் போனேன். அங்கே கண்ட காட்சியில் எதற்கு வந்தேன் என்பதே மறந்துபோனது. பாலியஸ்டர் ரோல்கள் அடுக்கியிருந்த மூலையில் அண்ணன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மூக்கில் கர்ச்சீப் இல்லை. ஒவ்வொரு ரோலாகப் பிரித்து, முனையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா?"

"இது சொரசொரங்குதுங்க. அது பரவால்ல. இவளுக்குக் கழுத்துல பட்டாச் சிவந்துபோகும், அதான் பாக்கறேன்" என்றார், நிமிராமல்.

முதலாளியிடம் சொல்லி அந்தத் துணிக்குக் காசு கட்டி எடுத்தார். சாம்பிள் டெய்லர் பக்கத்திலேயே நின்று, உள்தையல் உரசாமல் இருக்க எப்படித் தைக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி அக்காவுக்கு இரண்டு செட் தைக்க வைத்தார். பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு, தனக்கும் ஒன்று அளவு கொடுத்தார். டெய்லர் டேப்பைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது அண்ணன் சோப்பைத் தேடவில்லை.

குல்மர்க்கில் காரைவிட்டு இறங்கியபோது நாங்கள் மூவரும் ஏற்றுமதிக்குக் கட்டிய துணிமூட்டை மாதிரி இருந்தோம். கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளை. மரங்கள் வெள்ளை, கூரைகள் வெள்ளை, அவற்றுக்கு மேலே மலை, அதற்கும் மேலே இன்னொரு மலை. தெய்வானை அக்கா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றிப் பார்த்தார். அண்ணன் கையுறையைக் கழற்றி ஒரு பிடி பனியை அள்ளி இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். அது தண்ணீராகி ஓடியது. "இத என்னன்னு சொல்றதுங்க" என்றார் மெதுவாக.

போனில் பேசிய ஸ்கூட்டர்காரர் தாடி வைத்த, சாந்தமான மனிதர். வண்டியைத் தான்தான் ஓட்டுவேன், அக்கா பின்னால் உட்காரலாம் என்றார். அக்காவின் முகம் வாடியது. அண்ணன் முன்னால் வந்தார்.

"தம்பி, இவங்க மங்கலம் ரோட்டுல தினோம் ஓட்டறாங்கன்னு சொல்லுங்க. நான் பொறத்தால உக்காந்து உசுரோட இருக்கறன்னு சொல்லுங்க."

சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, பின்னால் உட்கார்ந்து அக்காவைச் சமவெளியில் ஒரு சுற்று ஓட்ட வைத்தார். வலது கட்டைவிரலால் அழுத்தினால் போகும், விட்டால் நிற்கும், திரும்பும்போது உடம்பையும் அந்தப் பக்கம் சாய்க்க வேண்டும். சுற்று முடிந்ததும் இறங்கி, தூரத்தில் ஒரு கொடியைக் காட்டி, அதைத் தாண்டக் கூடாது என்று சொல்லி அண்ணனை ஏறச் சொன்னார். அண்ணன் ஏறி அக்காவைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. இரண்டு பேரும் சிறுத்துச் சிறுத்து ஒரு புள்ளியாகிப் போனார்கள். கொடிக்குப் பக்கத்தில் திரும்பினார்கள். அக்கா சாய்ந்தார். அண்ணன் பயத்தில் எதிர்ப்பக்கம் சாய்ந்தார். புள்ளி நின்றுவிட்டது. சத்தமும் நின்றுவிட்டது.

நானும் ஸ்கூட்டர்காரரும் முழங்கால் புதையப் புதைய ஓடினோம். போய்ப் பார்த்தால், வண்டி நோஞ்சான் மாடு போல ஒருக்களித்துப் படுத்திருந்தது. அதற்கு இந்தப் பக்கம் புதுப்பனியில் இரண்டு பேரும் மல்லாக்கப் படுத்திருந்தார்கள். அடி எதுவும் இல்லை. அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வழிந்தது.

"எந்திரிங்கண்ணா" என்றேன்.

"சித்த இருங்க தம்பி" என்றார் அண்ணன். அவர் மேலே மலை உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு சத்தமும் இல்லீங்க. கேட்டுப் பாருங்களே."

கேட்டேன். ஒன்றுமே இல்லை. என் மூச்சு மட்டும்தான். அக்காவின் சிரிப்பும் மெல்ல அடங்கியது. அண்ணனின் கை, கையுறையோடு, பனியில் துழாவி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டது. கூப்பிட்டுக் கெடுக்க மனம் வரவில்லை. நானும் ஸ்கூட்டர்காரரும் சற்றுத் தள்ளி நின்றோம்.

அன்றைக்குப் போனில் இவருக்காக நான் பேசிய பேச்சை எல்லாம் நினைத்துக்கொண்டாரோ என்னவோ, ஸ்கூட்டர்காரர் தாழ்ந்த குரலில் இந்தியில் கேட்டார், இவர் உங்களுக்கு என்ன வேண்டும் என்று.

அண்ணன் என்றேன்.

கூடப் பிறந்தவரா என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.