சமர்த்து நோயாளி

"எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார் மனநல ஆலோசகர்.

"நல்லா இருக்கேன் மேடம். நீங்க எப்படி இருக்கீங்க? போன வாரம் இருமிக்கிட்டே இருந்தீங்களே, சரியாயிடுச்சா?"

"இப்ப தேவலாம்."

"வெந்நீர் குடிங்க மேடம். ஏசிக்கு நேரா உட்காராதீங்க."

இந்த இருவரில் நோயாளி யார் என்று உங்களுக்கு ஒரு கணம் குழப்பம் வந்திருக்கும். வரட்டும். சமர்த்து நோயாளி என்ற இனத்தை அடையாளம் கண்டுகொள்ள முதல் குறியே அந்தக் குழப்பம்தான். மனம் சரியில்லை என்று காசு கொடுத்து ஒருவரின் நேரத்தை வாங்கி, அந்த நேரம் முழுவதும் அவர் மனம் கோணாமல் பார்த்துக்கொள்ளும் இனம் இது.

அன்று ஆலோசகர் எதிரே உட்கார்ந்திருந்தவளுக்கு வீட்டில் பெயரே சமர்த்துதான். சின்ன வயதில் ஊசி குத்திய நர்சைப் பார்த்து "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்றாளாம்; அன்று ஒட்டிய பெயர் இன்னும் உரியவில்லை. துணி துவைக்கும் மெஷின் செய்யும் ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவில் வேலை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, காலை முதல் மாலை வரை, இரண்டு மொழிகளில், ஊரார் மெஷின்களுக்காக வருந்துவது அவள் தொழில். அவள் வருந்துகிற அழகில், திட்டுவதற்கென்றே போன் செய்தவர்கள் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு வைப்பார்கள். அடுத்தவர் புகாரை இரண்டு மொழியிலும் அட்சரம் பிசகாமல் எழுதுவாள். தன் புகார் என்று வந்தால் மட்டும் இரண்டுக்குமாகச் சேர்த்து ஒரே சொல்தான் கிடைக்கிறது: "டயர்டு".

மாதக் கணக்கில் டயர்டு. மடிக்கலாம் என்று கட்டிலில் போட்ட துணி எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளைப் பார்த்துவிட்டது. குவியலைக் கலைக்கத் தெம்பில்லாமல், மீதி இடத்தில் இவள் ஒருக்களித்துப் படுத்துக்கொள்கிறாள். பல் துலக்கும் பிரஷ்ஷைப் பார்த்தால் அழுகை வருகிறது. பிரஷ் என்ன செய்தது, பாவம்? அழுகை வந்தால் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள். சத்தம் வெளியே கேட்கக் கூடாதல்லவா? "தண்ணி வீணாப் போகுது பாரு" என்று அம்மா கதவைத் தட்டினால் குழாயை மூடுவாள், கூடவே அழுகையையும் மூடுவாள். சமர்த்து!

வைத்தியம் பார்க்காமல் இல்லை. சித்தப்பா தினமும் நடக்கச் சொன்னார். நடந்தாள், பஸ் ஸ்டாப் வரை நடந்து, வந்த பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, கடைசி நிறுத்தம் வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வந்தாள். அதில் கொஞ்சம் குணம் தெரிந்தது என்பதைச் சித்தப்பாவிடம் சொல்லவில்லை. கல்யாணமானால் எல்லாம் சரியாகிவிடும் என்றார் அத்தை. அத்தையின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு அந்த வைத்தியத்தை ஒத்திப்போட்டாள். ஆபீசில் பக்கத்து சீட்டுக்காரி கைபேசியில் ஒரு செயலியை இறக்கிக் கொடுத்தாள். அதில் ஒரு குருவி. தினமும் மூச்சுப் பயிற்சி செய்தால் பாடும், செய்யாவிட்டால் சிறகைத் தொங்கப் போட்டுக்கொள்ளும். இருக்கிற துக்கம் போதாதென்று இப்போது குருவியின் துக்கமும் சமர்த்தின் தலையில் விழுந்தது. மூச்சை இழுத்து இழுத்து விடுகிறாளே, தனக்காக என்றா நினைக்கிறீர்கள்? குருவி வருத்தப்படுமே!

இதெல்லாம் ஆன பிறகுதான் ஆலோசகர். வியாழக்கிழமை சாயங்காலம். வீட்டில் பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லியிருக்கிறாள்.

"வாராவாரம் போறியே, உனக்கு எத்தனை பல்லுதான்டி இருக்கு?" என்று அம்மா கேட்பார். கேட்டாலும், அன்று சோற்றை மட்டும் மெல்லத் தேவையில்லாதபடி குழைய வடித்துவைப்பார்.

வியாழக்கிழமைதான் வாரத்தின் ஒரே குளியல். மற்ற நாட்களில் முகத்தைக் கழுவி, சென்ட் அடித்துக்கொண்டு, ஹெட்போனுக்குள் ஒளிந்து சமாளித்துவிடுவாள். வியாழனன்று தலைக்கு ஊற்றிக்கொண்டு, இஸ்திரி போட்ட உடை உடுத்தி, வகிடு கோணாமல் சீவி, வேலை நேர்காணலுக்குப் போகிறவளைப் போலக் கிளம்புவாள். எதற்கு? ஆலோசகர் பார்த்துப் பயந்துவிடக் கூடாதே! வேலைக்காரம்மா வருமுன் வீட்டைப் பெருக்கி வைப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள், அந்த வம்சம். பஸ்ஸிலேயே ஒத்திகை நடந்துவிடும்: முதலில் கொஞ்சம் சோகம், உடனே முன்னேற்றம், நடுநடுவே சிரிக்க இரண்டு விஷயம். ஆலோசகர் மேஜையில் ஒரு டிஷ்யூப் பெட்டி இருக்கிறது. அதிலிருந்து ஒரு தாளைக்கூட அவள் எடுத்ததில்லை. எடுத்துத் தீர்ந்துபோனால், பின்னால் வருகிற நிஜமான நோயாளிகள் என்ன செய்வார்கள்?

சரி, இருமலை விசாரித்த அன்றைக்கு வருவோம்.

"தூக்கம்?" என்றார் ஆலோசகர்.

"வருது மேடம்." ஆபீசில்தான் வருகிறது. ஆனால் எங்கே என்று அவர் கேட்கவில்லையே.

"வேலை?"

"இந்த மாசம் பாராட்டெல்லாம் கிடைச்சுது."

"மனசு?"

"முன்னைக்கு இப்ப எவ்வளவோ தேவலாம். எல்லாம் உங்களாலதான்."

ஆலோசகரின் முகம் மலர்ந்தது. "ரொம்ப நல்லா முன்னேறியிருக்கீங்க. இன்னையோட நிறுத்திக்கலாம்னு நினைக்கிறேன். தேவைப்பட்டா போன் பண்ணுங்க."

வாரத்தின் ஒரே குளியலும் போகப் போகிறது. தேவைப்பட்டால் போன் பண்ண வேண்டுமாம்! தேவைப்படுகிறது என்று சொல்லத் தெரிந்தவளாக இருந்தால் இந்தப் பாடு எதற்கு? என்னை விட்டுவிடாதீர்கள் என்று மேஜையைப் பிடித்துக்கொண்டு கத்த வேண்டும் போலிருந்தது. வாய் என்ன சொன்னது தெரியுமா?

"ரொம்ப சந்தோஷம் மேடம்!"

சொல்லிவிட்டுப் பையை மடியில் எடுத்துவைத்துக்கொண்டாள். நேரம் இன்னும் மீதி இருந்தது. பேசாமல் உட்கார்ந்திருந்தால் ஆலோசகருக்குச் சங்கடமாக இருக்குமே என்று, ஆபீஸ் சமாசாரம் ஒன்றை எடுத்துவிட்டாள்.

"நேத்து ஒரு அம்மா போன் பண்ணாங்க மேடம். அவ்வளவு மரியாதை! 'தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோம்மா, அவசரமே இல்ல, மெஷின் ரொம்ப நல்ல மெஷின்தான், லேசாத் தண்ணி கசியற மாதிரி இருக்கு, ஆளுங்க சும்மா இருக்கறப்ப யாரையாவது அனுப்பு'ன்னாங்க. பின்னாடி டொக்கு டொக்குனு சத்தம். என்னம்மா அதுன்னு கேட்டா, 'ஒண்ணுமில்லம்மா, செருப்பு மிதந்து வந்து கட்டில்ல இடிக்குது'ங்கறாங்க! நாற்காலி மேல ஏறி நின்னுக்கிட்டுப் பேசியிருக்காங்க மேடம்!"

சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அப்புறம் என்ன செஞ்சீங்க?"

"கத்தறவங்களை எல்லாம் காக்க வச்சுட்டு முதல் ஆளை அங்கதான் அனுப்பினேன். எங்க பிரிவுல எல்லாருக்கும் தெரியும் மேடம். ரொம்பக் கத்தறவங்க வீட்ல ஏதோ ஒரு பட்டன் மாட்டிக்கிட்டிருக்கும், அவ்வளவுதான். அவசரமே இல்லைங்கறவங்க வீட்லதான்…"

ஆலோசகர் சிரிக்கவில்லை. கலையாத இஸ்திரி மடிப்பையும், கோணாத வகிட்டையும், பையைப் பற்றியிருந்த விரல்களில் சதை வரை கடித்திருந்த நகங்களையும் அன்றுதான் முதல்முறை பார்ப்பவர் போலப் பார்த்தார்.

"நீங்க எதுமேல ஏறி நின்னு பேசிட்டிருக்கீங்க?" என்றார்.

சமர்த்து சிரித்துப் பார்த்தாள். வரவில்லை. டிஷ்யூப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து, "ஸாரி மேடம்" என்றாள். இன்னொன்றை எடுத்து, அதற்கும் ஸாரி சொன்னாள். பெட்டி பாதியாகும் வரை அழுகையும் நிற்கவில்லை, ஸாரியும் நிற்கவில்லை. நடுநடுவே வியாழக்கிழமைக் குளியல் வரை எல்லாம் வெளியே வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா முகத்தைப் பார்த்தார். "பல் ரொம்ப வலிச்சுதா?"

"ஆமாம்மா."

"வலிக்குதுன்னு அவங்ககிட்ட சொன்னியா?"

"இன்னைக்குத்தான் சொன்னேன்."

"சொல்லணும்டி. சொல்லாம அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று, குழைந்த சோற்றை இன்னும் ஒரு கரண்டி வைத்தார். எந்தப் பல் என்று அம்மா ஒருநாளும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

நீங்கள் இந்த இனம் இல்லை. உங்களுக்கு மனம் சரியில்லை என்றால் சரியில்லை என்றே சொல்லிவிடுகிற துணிச்சல்காரர். குழாயைத் திறந்துவிடுவது குளிக்க மட்டுமே. நல்லது. ஆனால் இதைப் படித்துக்கொண்டிருந்தபோது யாராவது வந்து, "என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டு, "ஒண்ணுமில்ல, கொஞ்சம் டயர்டு" என்று நீங்கள் சிரித்து, அதோடு விடாமல் அவர் சாப்பிட்டாரா என்றும் விசாரித்திருந்தால், வாருங்கள், நம் சங்கத்தில் நாற்காலிக்குப் பஞ்சமில்லை. ஆளுக்கொன்றின் மேல் ஏறி நின்றுகொள்ளலாம். அப்படியே, அன்று ஆலோசகர் வாசல் வரை கூட வந்து சமர்த்திடம் கேட்டுக்கொண்டதையும் காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

"அடுத்த வியாழக்கிழமை கண்டிப்பா வாங்க. எனக்காக ஒண்ணே ஒண்ணு செய்யணும். குளிக்கறதும் குளிக்காததும் உங்க இஷ்டம். தலை மட்டும் சீவாம வாங்க."