வியாழக்கிழமையே கிளம்பிவிட்ட பெட்டி

சட்டம் தெரியாமல் மாட்டிக்கொள்கிறவன் அப்பாவி. ஆடிட்டருக்கு ஃபீஸ் கொடுத்து, சட்டத்தைத் தெளிவாகக் கேட்டுத் தலையாட்டிவிட்டு மாட்டிக்கொள்கிறவனுக்குத் தமிழில் வேறு பெயர் இருக்கிறது. எங்கள் வீட்டில் என்னை அந்தப் பெயரில்தான் கூப்பிட்டார்கள்.

கல்யாணமான மூன்றாம் மாதம் எனக்கு ஷார்ஜாவில் வேலை கிடைத்தது. ஆடிட்டர் சொன்னது இதுதான்: அந்த நிதியாண்டில் நூற்று எண்பத்திரண்டு நாள் இந்தியாவில் இருந்துவிட்டால் ஷார்ஜா சம்பளத்துக்கும் இங்கே வரி. ஒரு நாள் குறைந்தாலும் வரி கிடையாது. "செப்டம்பர் இருபத்தெட்டுக்குள்ள ஃப்ளைட் ஏறிடுங்க. கிளம்புற நாளும் கணக்குல சேரும். மார்ச் முடியிற வரைக்கும் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதீங்க" என்றார்.

வரிப்பணம் மிஞ்சினால் அங்கே ஒரு வீடு பிடித்து, ஏப்ரலிலேயே என் மனைவி கவிதாவை அழைத்துக்கொள்ளலாம். மிஞ்சாவிட்டால் அவள் கே.கே. நகரில் என் அப்பாவோடும் அவருடைய பஞ்சாங்கத்தோடும் குடித்தனம் நடத்த வேண்டியதுதான்.

கம்பெனி போட்ட டிக்கெட் மிகச் சரியாக இருபத்தெட்டாம் தேதி, சனிக்கிழமை மதியம். அப்பா பஞ்சாங்கத்தைப் புரட்டினார். வெள்ளி, சனி இரண்டு நாளும் என் ராசிக்குச் சந்திராஷ்டமம். (என் வாழ்க்கையில் நடக்கிற எல்லாவற்றுக்கும் இந்தச் சந்திரன் எட்டாம் வீட்டில் வந்து உட்கார்ந்துகொள்வான்.)

அப்பாவிடம் மாற்று வழி இருந்தது. பரஸ்தானம். நல்ல நாளில் பெட்டியை வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் ஆளே கிளம்பிவிட்டதாக அர்த்தம். பிறகு எந்த நாளில் போனாலும் தோஷமில்லை. வியாழக்கிழமை நல்ல நாள்தான், ஆனால் தெற்கே சூலம். ஆகவே பெட்டி வடக்கே, ஸ்ரீரங்கத்தில் மாமா வீட்டுக்குப் போயிற்று. எங்கள் வீட்டிலிருந்து ஏர்போர்ட் கூப்பிடு தூரம். ஸ்ரீரங்கமோ ஊருக்கு மறுகோடி, காவிரிக்கு அந்தப் பக்கம்.

பழைய சட்டை நாலு மடித்து வைத்தேன். அப்பா ஒப்பவில்லை. "பயணத்துக்கு எது முக்கியமோ அதுதாம்ப்பா முதல்ல கிளம்பணும். பழைய சட்டையை அனுப்பி யாரை ஏமாத்துற?" என்றார். இன்ஜினியரிங் படித்த நான் என் கையாலேயே பாஸ்போர்ட்டை உள்ளே வைத்துப் பூட்டினேன்.

சனிக்கிழமை காலை நானும் அப்பாவும் கார் பிடித்து மாமா வீட்டுக்குப் போனால், வீடு பூட்டிக் கிடந்தது. புரட்டாசிச் சனிக்கிழமை. மாமாவும் அத்தையும் விடியற்காலையிலேயே கோயிலுக்குப் போய்விட்டார்கள் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். போன் செய்தேன். வீட்டுக்குள்ளேயே மணியடித்தது. ஜன்னல் வழியே பார்த்தேன். என் பெட்டி குங்குமப் பொட்டோடு நாற்காலியில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

பூட்டை உடைக்கலாம் என்றேன். பரஸ்தானம் வைத்த வீட்டில் பூட்டை உடைப்பது அபசகுனம் என்றார் அப்பா. சரி என்று கோயிலுக்கு ஓடினேன். தமிழ்நாடே வரிசையில் நின்றது. அதில் பாதிப் பேர் என் மாமாவைப் போலவே வழுக்கையும் நாமமுமாக இருந்தார்கள். மூன்று பேரின் தோளைத் தட்டி மன்னிப்புக் கேட்டேன். தேடிக் களைத்துத் திரும்பினால், மாமா வாசலில் புளியோதரையோடு நின்றிருந்தார். ஒரு மணி நேரத்தில் தரிசனம் முடிந்துவிடும் என்று நினைத்தாராம். "சாப்பிட்டுட்டுக் கிளம்புறியாப்பா?" என்று வேறு கேட்டார்.

பாலத்தை ஊர்ந்து கடந்து ஏர்போர்ட் போய்ச் சேர்ந்தபோது கவுண்டரை மூடிவிட்டார்கள். அன்றைக்கு வேறு எதிலும் இடமில்லை. திங்கட்கிழமைதான் கிடைத்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்பா மட்டும் அசரவில்லை. நேரே ஆடிட்டரிடம் இழுத்துப் போனார். "பையன் வியாழக்கிழமையே கிளம்பிட்டாங்க. ஊர்ல யாரை வேணா கேளுங்க" என்றார்.

ஆடிட்டர் முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்டார். "பெட்டி ஸ்ரீரங்கத்துக்குத்தானங்க போச்சு? ஸ்ரீரங்கம் இந்தியாவுலதான இருக்கு?"

"அது பூலோக வைகுண்டங்க" என்றார் அப்பா.

"வைகுண்டத்தோட நமக்கு வரி ஒப்பந்தம் எதுவும் இல்லீங்களே."

வீட்டுக்கு வந்து சொன்னபோது கவிதா திட்டியிருந்தால்கூடத் தேவலை. காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே, "ஏப்ரல்னு சொன்னீங்க. இப்ப எப்பங்க?" என்று மட்டும் கேட்டாள். என் மேலேயே எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

அவள் வந்து சேர அடுத்த வருஷத் தீபாவளி ஆகிவிட்டது. அவள் பயணத்துக்கும் அப்பா நாள் பார்த்தார். "நாள் நீங்க பாருங்க மாமா. பாஸ்போர்ட் எங்கிட்டயே இருக்கட்டும்" என்றாளாம்.

இப்போது ஷார்ஜாவில்தான் இருக்கிறோம். வரியெல்லாம் கட்டி முடித்தாயிற்று, ஆனால் கவிதாவின் கணக்கு மட்டும் தீரவில்லை. சாயங்காலம் ஆபீசிலிருந்து போன் செய்து, கிளம்பிவிட்டேன் என்று சொன்னால் போதும். தினமும் அதே கேள்விதான்.

"நீங்களா, பெட்டியா?"