எழுபத்தெட்டு கிலோ எடையுள்ள கைக்குழந்தை

சிசு நலக் கண்காணிப்பு அலுவலகத்தின் விதி மிக எளியது. எத்தனை குழந்தைக்குக் கண்நோய் என்று படிவத்தில் எழுதுகிறார்களோ, அத்தனை புட்டி சொட்டு மருந்து தலைமையகத்திலிருந்து வரும், கடையில் கிடைக்காது. நமது வட்டத்துக்கு மூன்று ஆண்டுகளாக ஒரு புட்டிகூட வந்ததில்லை. கண்காணிப்பாளர் மூன்று ஆண்டுகளாகப் பூஜ்யமே எழுதி, 'நோயில்லா வட்டம்' என்று கேடயம் வாங்கிவந்தார்.

அந்த வாரம் பதினொரு கைக்குழந்தைகள் கண் சிவந்து, பீளை ஒட்டி, இமை திறக்க முடியாமல் வந்து சேர்ந்தன. இப்படியே விட்டால் ஒன்றிரண்டு பிள்ளைகளுக்குப் பார்வையே போய்விடும். அலுவலகச் செவிலி படிவத்தைத் தூக்கிக்கொண்டு கண்காணிப்பாளரிடம் ஓடினாள்.

அவர் பதறவில்லை. அழுகிற குழந்தைக்குக் கண் சிவக்கும். அழாத குழந்தை உலகில் இல்லை. ஆகவே இது நோயல்ல, இயற்கை என்று விளக்கமளித்தார். "நாளைக்குக் கேடயம் தர்றாங்க சிஸ்டர். இன்னைக்குப் போய் நோயைக் கண்டுபிடிக்கிறீங்களே?" என்று மனம் நொந்தும் போனார்.

விழாவில் புகைப்படத்துக்காக ஒரு குழந்தையைத் தூக்கிக் கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொண்டார். இரண்டாம் நாள் அவருக்குக் கண் இரண்டும் தக்காளிப்பழம். சுவரைத் தடவிக்கொண்டே செவிலியின் அறைக்கு வந்தார்.

"ஒரு வயசுக்குள்ள இருந்தாத்தான் சார் இந்த மருந்து," என்றாள் செவிலி.

"அப்போ என்னைக் குழந்தைன்னு எழுதுங்க."

"படிவத்துல சராசரி எடை கேக்குமே சார். எழுபத்தெட்டு கிலோன்னு தனியாப் போட்டா மாட்டிக்குவீங்க. கூடப் பதினொரு குழந்தையைச் சேர்த்தா சராசரியில மறைஞ்சிடுவீங்க."

கண்வலி யாரை விட்டது? பூஜ்யத்தைத் தம் கையாலேயே அடித்து, பன்னிரண்டு என்று எழுதி, அவள் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் ஒப்பமிட்டார்.

மறுநாளே பன்னிரண்டு புட்டிகள் வந்தன. செவிலி எடை வரிசைப்படி, இலேசானவர்களுக்கு முதலில் போட்டாள். கண்காணிப்பாளர் கடைசி. வாரம் முடிவதற்குள் பதினொரு ஜோடிக் கண்களும் பளிச்சென்று விழித்தன. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

தலைமையகத்திலிருந்து கடிதமும் வந்தது. வட்டத்துக் கைக்குழந்தைகளின் சராசரி எடை ஆறு கிலோவிலிருந்து பன்னிரண்டாக உயர்ந்தது கண்டு பெருமகிழ்ச்சி அடைவதாகவும், இச்சாதனைக்குக் காரணமான குழந்தையைத் தாயாருடன் மேடைக்கு அழைத்து வருமாறும் அதில் எழுதியிருந்தது.

சேதி பரவி, தாய்மார்கள் அலுவலகத்தை மொய்த்துவிட்டார்கள். அந்தப் பிள்ளைக்கு அப்படி என்னதான் கொடுத்தீர்கள் என்று செவிலியைப் பிடித்துக்கொண்டார்கள்.

இந்த ஒரு விஷயத்தில் அவள் உள்ளதை உள்ளபடியே சொன்னாள். "ஒரு நாற்காலி கொடுத்தோம். அதுல இருந்து எந்திரிக்காமப் பாத்துக்கிட்டோம்."

அன்று மாலைக்குள் தச்சர் கடையில் குட்டி நாற்காலி ஒன்றுகூட மிச்சமில்லை.