பிரம்பு நாற்காலியின் தவறா வரம்

ரோமாபுரியில் ஒரு போப்பாண்டவர் இருக்கிறார் என்பது உலகத்துக்கே தெரியும். பாளையங்கோட்டையில் இன்னொருவர் இருந்தார் என்பது எங்கள் தெருவுக்கு மட்டும்தான் தெரியும். இருவரில் யாருக்கு அதிகாரம் அதிகம் என்று கேட்டால், எங்கள் ஆளுக்குத்தான் என்று எந்த மேடையிலும் ஏறிச் சொல்வேன்.

அவர் பெயர் ரேஷன் கார்டில் மட்டும்தான் இருந்தது. தெருவுக்கு அவர் வத்திக்கான் அண்ணாச்சி. சொந்த ஊர் உவரி. கடலுக்குப் போனால் வாந்தி வருகிறது என்று கரையேறி, டைப்ரைட்டிங் படித்து, பாளையங்கோட்டையில் இன்ஸ்டிடியூட் வைத்தவர். அடுத்த கடையில் நான் ஜெராக்ஸ் மெஷின் வைத்திருந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கம்ப்யூட்டர் என்று ஒன்று வரப்போகிறதாம் என்று பேசிக்கொண்டார்கள். அண்ணாச்சி நம்பவில்லை.

இன்ஸ்டிடியூட்டை அவர் திருச்சபையாகவே நடத்தினார். ஃபேனுக்கு அடியில் இருந்த புது மெஷினுக்கு மோட்சம் என்று பெயர். ரிப்பன் சிக்கும் நடு வரிசை, மோட்சத்துக்குப் போகுமுன் பாவக்கறை கழுவும் உத்தரிக்கிற ஸ்தலம். மூலையில் ஒரு மெஷின் உண்டு, அதில் 'e' எழுத்தைக் குத்தினால் திரும்பி வராது. அதுதான் நரகம். இடைவெளி விட மறந்தால் அற்பப் பாவம். எழுத்து மேல் எழுத்து அடித்தால் சாவான பாவம். கூந்தலில் மல்லிகை வைத்த பெண்கள் எல்லாம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நரகத்தில் உட்கார்ந்து அடிப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் சும்மா. அவருடைய உண்மையான அதிகாரம் ஒரு பிரம்பு நாற்காலியில் இருந்தது. போப்பாண்டவர் பேதுருவின் ஆசனத்தில் இருந்து, விசுவாசத்தைப் பற்றி உலகத் திருச்சபை முழுவதற்கும் அறுதியாக ஒன்றைப் போதித்தால் அது தவறாது என்பது கத்தோலிக்க மறை. அண்ணாச்சி அதைக் கொஞ்சம் நீட்டித் தனக்கும் வைத்துக்கொண்டார். நின்றுகொண்டு அவர் சொல்வது சொந்த அபிப்பிராயம். யாரும் எதிர்த்துப் பேசலாம். பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி, “அறுதியிட்டு உரைக்கிறோம்” என்று ஆரம்பித்துவிட்டால் தீர்ந்தது. பிறகு அவரே நினைத்தாலும் மாற்ற முடியாது.

ஒருமுறை உட்கார்ந்த வாக்கில் இன்றைக்கு மழை இல்லை என்று உரைத்துவிட்டார். சாயங்காலம் கொட்டித் தீர்த்தது. அண்ணாச்சி குடையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, “இது மழை இல்லவே, தூத்தல்” என்று நடந்து போனார். பரீட்சைக்கு மகளை அனுப்பலாமா என்று கேட்க வந்த தாய்மார்கள் அவர் முழங்கால் மடங்கினாலே பதறுவார்கள். “அண்ணாச்சி, உக்காந்திராதிய! நின்னுக்கிட்டே சொல்லுங்க!”

அவரை எதிர்த்துப் பேசப் பிறந்தவர் ஒருவர் உண்டு. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் பிள்ளைவாள். விடியக்காலையில் குறுக்குத்துறை ஆற்றில் முங்கி எழுந்து, நெற்றி நிறையத் திருநீறோடு திரிகிற சைவர். தினமும் சாயங்காலம் டீக்கு வருவார். மோட்சத்துக்கு எத்தனை வழி என்பதில் ஆரம்பித்து, வடையில் உப்பு போதுமா என்பதில் முடிப்பார்கள். அடுத்த கடைக்காரன், அதிலும் பாய் என்பதால், நடுவர் வேலை என் தலையில் விழுந்தது. ஒருவர் இல்லாமல் இன்னொருவருக்கு டீ இறங்காது என்பது எனக்குத் தெரியும்.

ஒருநாள் பேச்சு எல்லை மீறிவிட்டது. “உம்ம போப்பாண்டவரைப் பாக்கணும்னா கப்பல் ஏறணும். எங்க நெல்லையப்பரைச் செருப்பு மாட்டாம நடந்து போயே பாத்துட்டு வந்திரலாம்” என்றார் பிள்ளைவாள். அதோடு விட்டிருக்கலாம். “உம்ம மோட்சமும் உம்ம இன்ஸ்டிடியூட்டு மாதிரிதான்வே. உள்ள பத்துப் பேரு, வெளிய ஊரே நிக்கி” என்றார்.

இன்ஸ்டிடியூட்டைத் தொட்டால் அண்ணாச்சிக்குத் தாங்காது. முகம் சிவந்தது. கையை நீட்டி எட்டின நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை. ஆகையால் பிள்ளைவாளுக்கு மோட்சம் இல்லை என்று அறுதியிட்டு உரைக்கிறோம்.”

மெஷின்கள் எல்லாம் நின்றுவிட்டன. பிள்ளைவாள் டீ கிளாஸை வைத்தார். “சரிவே, நல்லா இரும்” என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. பித்தப்பையில் கல், பெரியாஸ்பத்திரியில் படுத்திருக்கிறார், நாளைக் காலையில் ஆபரேஷன் என்று சேதிதான் வந்தது.

அண்ணாச்சி அப்படியே ஒடுங்கிப் போனார். சாவான பாவம் செய்த பெண்களைக்கூட அன்று ஃபேனுக்கு அடியில் உட்கார வைத்தார்.

“போய் மன்னிப்புக் கேட்டுட்டு வாரும்” என்றேன்.

“மன்னிப்புக் கேக்கலாம் பாய். உரைச்சதை எப்படி அழிக்க? அந்த வயசுல கத்தி வைக்கப் போறாங்க. ஏதாவது ஆச்சுன்னா எங்கன போவாரு மனுசன்? நாமதானே வாசலைப் பூட்டிட்டோம்.” அவர் கண் கலங்கி நான் பார்த்தது அப்போதுதான்.

அந்த நேரம் பார்த்துப் பங்குச்சாமியார் ஏதோ நோட்டீஸ் ஜெராக்ஸ் எடுக்க வந்தார். அவரை நான் கையோடு அடுத்த கடைக்குக் கூட்டிப்போனேன். சாமியார் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார்.

“திருச்சபை வழியாத்தான் மீட்புங்கது சரி. ஆனா தன் குத்தம் இல்லாம கிறிஸ்துவை அறியாதவங்க, உண்மையான மனசோட கடவுளைத் தேடி, மனச்சாட்சிப்படி நடந்தா, அவங்களுக்கும் மீட்பு கிடைக்கும்னு திருச்சபையே போதிக்கி. இன்னொண்ணு கேளும். எத்தனையோ பேருக்குப் புனிதர் பட்டம் கொடுத்திருக்கு. இன்னார் நரகத்துக்குப் போயிட்டாருன்னு ஒருத்தரைப் பத்தியும் அறிவிச்சது கெடையாது. போப்பாண்டவரே செய்யாத வேலையை நீரு ஏன் செய்யுதீரு?”

எனக்கு உயிர் வந்தது. அண்ணாச்சி தலையைத் தொங்கப்போட்டபடியே இருந்தார். “நல்லாத்தான் இருக்கு சாமி. ஆனா நீங்க நின்னுக்கிட்டுல்லா சொல்லுதிய!”

சாமியார் என்னைப் பார்த்தார். நான் மேலே பார்த்தேன். “சரி, உக்காந்தே சொல்லுதேன்” என்று பக்கத்தில் கிடந்த நாற்காலியை இழுத்தார்.

அண்ணாச்சி அலறினார். “ஐயோ சாமி, அதுல உக்காந்து சொன்னா செல்லாது! அது பாயோட பிளாஸ்டிக் நாற்காலி! நம்ம நாற்காலி பிரம்பு பின்னப் போயிருக்கு. போய் ஒரு வாரமா...”

வாய் திறந்தபடி நின்றது.

“ஒரு வாரமாவா?” என்றேன்.

“பாய்! அன்னைக்கி நாம எதுல உக்காந்தோம்?”

“என் நாற்காலியிலதான்!”

“அப்ப செல்லாது! ஏலே, செல்லாதுலே! பிளாஸ்டிக்ல உக்காந்து சொன்னது எப்படிவே செல்லும்?” அண்ணாச்சி குதித்த குதியில் நரகத்து மெஷினின் 'e' தானாகத் திரும்பி வந்துவிட்டது. சாமியார் அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டார். பெண்கள் கை தட்டினார்கள்.

அடுத்த அரை மணியில் ஆட்டோவின் கூரை மேல் பிரம்பு நாற்காலியைக் கட்டிக்கொண்டு ஊர்வலம் போனோம். பாதிதான் பின்னியிருந்தது. “கால் நாலும் அதேதான்லா, போதும்” என்றார் அண்ணாச்சி. வார்டு வாசலில் நர்ஸ் தடுத்தபோது, “தாயி, இது நாற்காலி இல்ல, மருந்து” என்று நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

பிள்ளைவாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அண்ணாச்சி பின்னிய பாதியில் பைய உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றினார். வார்டே எட்டிப் பார்த்தது.

“முன்னால் உரைத்தது செல்லாது. பிள்ளைவாள் நல்ல மனுசன். அவரு நல்லா எந்திரிச்சு வந்து, இன்னும் ரொம்ப காலம் நம்மகூடச் சண்டை போட்டு, அப்புறம் மோட்சத்துக்கும் வருவாரு. அங்கன நமக்குப் பக்கத்து இடம் அவருக்குத்தான் என்று அறுதியிட்டு உரைக்கிறோம்.”

பிள்ளைவாள் மெல்லத் திரும்பினார். கண் நிறைந்திருந்தது. “அங்கயும் உம்ம பக்கத்துலயா? அதுக்கு முன்ன சொன்னதே தேவலைவே!” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “சிரிக்க வைக்காதேயும், கல்லு குத்துது.”

அண்ணாச்சி நாற்காலியில் இருந்தபடியே என் பக்கம் திரும்பினார். “பாயும் வருவாரு. எங்களுக்கு மத்தியஸ்தம் பண்ண ஆள் வேணும்லா.”

கல் போயிற்று. பிள்ளைவாள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் ஆட்டோவை நேரே இன்ஸ்டிடியூட் வாசலில் நிறுத்தச் சொன்னார். இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி, “ஏன்வே, மோட்சத்துல டீ உண்டா?” இருவரும் வருஷக்கணக்கில் அடித்துக்கொண்டார்கள், ஒருவர் பின் ஒருவராகப் போய்ச்சேரும் வரை.

எனக்கும் வயதாகிவிட்டது. என் மார்க்கம் எனக்கு உண்டு, அதில் மாற்றமில்லை. ஆனாலும் அண்ணாச்சி உட்கார்ந்து உரைத்தது தவறாது என்று நம்புகிறேன். அங்கே அந்த இரண்டு பேருக்கும் நடுவில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டு வைத்திருப்பார். பிளாஸ்டிக்காக இருந்தாலும் எனக்குப் போதும்.