மார்லன் விட்லாக்கின் செவிச்செல்வம்

மனித குலம் தோன்றிய நாள் முதலாகக் காது என்னும் உறுப்பு இரண்டு உயரிய காரியங்களுக்குப் பயன்பட்டு வந்திருக்கிறது: மூக்குக்கண்ணாடியைத் தாங்க, பென்சிலைச் செருக. இதற்கு மேல் அதற்கு வேலை கொடுப்பது அதிகப்பிரசங்கித்தனம் என்பதை ஜாஸ் உலகுக்கு நிரூபித்துக் காட்டிய பெருமை நியூயார்க் மார்லன் விட்லாக்கையே சாரும். ‘பித்தளையும் தோலும்’ மாத இதழின் தலைமை விமர்சகர் அவர்.

ஒன்பது ஆண்டுகளில் ஆயிரத்து நூறு புதிய ஆல்பங்களை மதிப்பிட்டவர். முறை எளியது. புரூக்ளின் வீட்டில் மர நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவார். டபுள் பாஸ் என்னும் ஆளுயரத் தந்தி வாத்தியத்தின் அதிர்வு நாற்காலிக் கால் வழியாக ஏறி முதுகுத்தண்டுக்கு வரும். டிரம்பெட் வராது. உடனே எழுதுவார்: ‘இக்கலைஞரின் டிரம்பெட் ஒலிக்க மறுக்கிறது. அம்மறுப்பே அதன் அரசியல்.’ ஐந்து நட்சத்திரம்!

நட்சத்திரம் என்றால் சும்மாவா? கல்லூரி வேலை, ஐரோப்பியப் பயணம் எல்லாமே அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. ஊரிலுள்ள டிரம்பெட்காரர்கள் மெல்ல மெல்ல ஊதுவதைக் குறைத்துக்கொண்டார்கள். ஒருவர் டிரம்பெட்டைப் பெட்டியிலிருந்து எடுக்காமலேயே ஓர் ஆல்பம் வெளியிட்டார். நாலரை நட்சத்திரம். கடைசிப் பாட்டில் பெட்டியின் கொக்கியைத் திறந்ததாக உறையில் போட்டுவிட்டார். அந்த ‘ஆடம்பரத்துக்கு’ அரை நட்சத்திரம் பிடித்தம்.

இப்படிச் சீராகப் போய்க்கொண்டிருந்த கலை வளர்ச்சியில் மண்ணைப் போட்டவர் அவருடைய மனைவி ஜூடித்.

“மார்லன், அடுப்ப அணைச்சியா?”

“அதைத் திறந்த கேள்வியாவே விட்டுடறதுதான் நல்லது.”

“அடப்பாவி, கூடம் பூரா புகை! கெளம்பு, காது டாக்டர்கிட்ட போலாம்.”

டாக்டர் ரோசன்ப்ளம் இடுக்கி போன்ற ஒன்றை உள்ளே விட்டு, ஒவ்வொரு காதிலிருந்தும் ஒரு சோளமணி அளவு குறும்பியை எடுத்துத் தட்டில் வைத்தார்.

“எவ்ளோ நாளா இப்படி?”

“எது எப்படி?” என்றார் மார்லன். தன் குரலையே கேட்டுத் திடுக்கிட்டார். எவ்வளவு கீச்சுக் குரல்! இதை வைத்துக்கொண்டா ஒன்பது வருடம் சொற்பொழிவாற்றினோம்?

“எட்டொம்பது வருஷச் சரக்கு சார் இது. என்ன தொழில் பண்றீங்க?”

“ஜாஸ் விமர்சகர்.”

டாக்டர் நல்ல மனிதர். சிரிப்பை அடக்கிக்கொண்டு, கை கழுவப் போவதுபோல் அந்தப் பக்கம் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மார்லன் மேஜையில் கிடந்த புது ஆல்பத்தை ஓடவிட்டார். டெலோரஸ் ஃபான்ட்ராய் ஊதிய ‘வியாழக்கிழமைச் சலவை’. டெலோரஸ் ஹார்லம்காரி, அறுபது வயது. ஊரே வாயடைத்துப்போன காலத்திலும் மூச்சைப் பிடித்து ஊதிக்கொண்டிருந்த ஒரே ஆள். மூன்றாவது பாட்டில் அவள் அரைத்தாளம் முந்தி நுழைந்துவிடுகிறாள். தவறு. ஆனால் பின்வாங்கவில்லை, கூட வாசிக்கும் மற்ற மூவரையும் தன் பின்னால் இழுத்துக்கொண்டே ஓடுகிறாள். மார்லனுக்கு அழுகை வந்துவிட்டது. எதற்காக இந்தத் தொழிலுக்கு வந்தோம் என்பது பல வருடம் கழித்து அன்றுதான் ஞாபகம் வந்தது. மூன்று தடவை கேட்டார். பிறகு எழுதினார்:

‘நன்றாக இருக்கிறது. இரண்டாவது பாட்டு இழுக்கிறது. நான்கு நிமிடம் குறைத்திருக்கலாம். மூன்றாவதைக் கேட்டு அழுதேன்.’

பத்திரிகை ஆசிரியை கார்னிலியா ஹார்க்னஸ் அதைப் படித்துவிட்டு அறைக் கதவைச் சாத்தினார்.

“மார்லன், ‘நன்றாக இருக்கிறது’ன்னா என்ன அர்த்தம்?”

“நல்லா இருக்குன்னு அர்த்தம்.”

“அதான், எந்தக் கோணத்துல?”

“காதுக் கோணத்துல.”

“ஐயையோ! வாசகருக்குப் புரிஞ்சுட்டா? ஆல்பத்த வாங்கி அவங்களே கேட்டுட்டா? அப்புறம் நம்மள எதுக்குப் படிக்கணும்? திருப்பி எழுதிக் குடுங்க. இல்லன்னா தலைமை விமர்சகர் நாற்காலிய மறந்துடுங்க.”

“மாத்த முடியாது கார்னிலியா. நான் கேட்டேன்.”

‘கேட்டது’ என்பது கடுமையான குற்றச்சாட்டு ஆதலால், மறுநாள் காலை பத்து மணிக்கு மூவர் விசாரணைக் குழு கூடியது. ஆசிரியை தலைமை, இரண்டு துணை விமர்சகர்கள் உறுப்பினர். ‘பாதிக்கப்பட்ட கலைஞர்’ என்ற முறையில் டெலோரஸும், மதிப்புரையின் நகல் அனுப்பி, அழைக்கப்பட்டிருந்தாள். டிரம்பெட் பெட்டியோடு அவள் உள்ளே வந்தபோது மார்லன் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அதை வைத்தே மண்டையில் போடுவாளோ?

“யோவ் விட்லாக்,” என்றாள் அவள். “ரெண்டாவது பாட்டு இழுக்குதுன்னு எழுதினவன் நீதானா?”

“நான்தான்.”

“இழுக்கத்தான்யா செய்யுது! எனக்குத் தெரியும். எவனாவது சொல்லித் தொலைய மாட்டானான்னு எத்தன ஆல்பமா காத்துக் கெடந்தேன் தெரியுமா? ஒம்பது வருஷமா ‘ஃபான்ட்ராயின் மௌனம்’, ‘ஃபான்ட்ராயின் மௌனம்’னு எழுதினே. அந்த மௌனம் தாங்காம என் கீழ்வீட்டுக்காரன் வீட்ட காலி பண்ணிட்டுப் போயிட்டான்!”

மார்லனுக்கு மறைக்க இனி ஒன்றுமில்லை. “ஒம்பது வருஷமா என் காது ரெண்டும் அடைச்சிருந்தது,” என்று ஒப்புக்கொண்டார். “எனக்கு எதுவுமே சரியா கேக்கல. எல்லாரும் என்ன மன்னிக்கணும்.”

குழு அதிர்ந்தது. தேநீர் இடைவேளை விட்டது. மீண்டும் கூடித் தீர்ப்பளித்தது: காது அடைத்திருந்த காலத்து ஆயிரத்து நூறு மதிப்புரைகளும் செல்லும், ஏனெனில் அவை பத்திரிகையின் தரத்துக்கு உகந்தவை. சுத்தம் செய்த பின் எழுதிய ஒன்று மட்டும் ‘உடல்நிலை சரியில்லாதபோது எழுதப்பட்டது’ என்ற காரணத்தால் ரத்து. விட்லாக்குக்கு மருத்துவ விடுப்பு. பழையபடி குறும்பி சேர்ந்ததும் டாக்டர் சான்றிதழுடன் பணிக்குத் திரும்பலாம்.

“திரும்ப மாட்டேன்,” என்றார் மார்லன். நாற்காலி போயிற்று.

டெலோரஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். வாசல்வரை போனவள் திரும்பி மூவரையும் பார்த்தாள்.

“ஒரு சந்தேகம். என் ‘மௌனத்த’ இவன் மட்டுமா புகழ்ந்தான்? நீங்க மூணு பேரும்தான் வருஷா வருஷம் பாராட்டி எழுதினீங்க. உங்க காதுலயும் அடைப்பா?”

“வாயை அடக்கிப் பேசும்மா!” என்று மேஜையைக் குத்தினார் ஆசிரியை. “எங்க காதப் பத்தி என்ன நெனச்சே?”

அவமானத்தைத் துடைக்க மூவரும் அன்று மதியமே டாக்டர் ரோசன்ப்ளமிடம் போய்ச் சோதித்துக்கொண்டார்கள். மூவரின் காதுகளிலும் எள்ளளவு அடைப்பும் இல்லை, எப்போதாவது இருந்ததற்கான அடையாளமும் இல்லை என்று அவர் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு ‘பித்தளையும் தோலும்’ அலுவலக வரவேற்பறையில் பெருமையோடு மாட்டியிருக்கிறார்கள்.