விடும்போது வலிக்கிற பல்

வடக்கனந்தல்
8-10-87

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா ஜெயம்மாள் அவர்களுக்கு, பெரியம்மாள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே மாடு கன்று முதற்கொண்டு எல்லோரும் சௌக்கியம். அங்கே தாங்களும், மாப்பிள்ளையும், என் மகள் மலர்விழியும், பேரன் தமிழழகனும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நானாகவே நினைத்துக்கொள்கிறேன். ஒரு மாதமாகச் சின்னசேலத்திலிருந்து ஒரு கார்டுகூட வரவில்லை, வேறு என்ன செய்வது?

முதலில் நல்ல சேதிகள். என் மகன் வீரமுத்துவின் பெரிய பெண் ராதிகா பத்தாம் வகுப்புக் காலாண்டுப் பரீட்சையில் முதலாவதாக வந்திருக்கிறாள். கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. மீதி இரண்டு மார்க் எங்கே போயிற்று என்று நானே பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தேன். அடுத்தவன் வெங்கடேசன், மெதுவாக சைக்கிள் ஓட்டும் போட்டியில் இரண்டாம் பரிசு, ஒரு சோப்பு டப்பா வாங்கினான். முதல் பரிசு வாங்கிய பையன் ஓட்டவே இல்லை, நின்றுகொண்டிருந்தான். அதை யாரும் கேட்கவில்லை. கடைக்குட்டி பதினாறாம் வாய்ப்பாட்டைக் கீழிருந்து மேலாகச் சொல்கிறாள். நம் தமிழழகன் பத்து மாதத்திலேயே எதையும் பிடிக்காமல் நிற்கிறான் என்று மலர்விழி ஆவணியில் எழுதியிருந்தாள். இதெல்லாம் பெருமைக்காக எழுதவில்லை. தங்கள் பக்கத்துப் பிள்ளைகளும் நன்றாகப் படிக்கட்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சின்னசேலம் சந்தைக்குப் போய் வந்தவர்கள் வந்து சொல்கிறார்கள். "வூடு தேடி பத்திரிகை வெக்கப் போனா, அந்தம்மா வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லல. அவுங்க மகன் மடி எனக்கு வாணாம். என் தம்பி மடியில உக்கார வெச்சி காது குத்திக்கிறேன்" என்று தாங்கள் சொன்னீர்களாம். தாய்மாமன் குத்துக்கல் மாதிரி உயிரோடு இருக்கும்போது வேறொருவன் மடியில் வைத்து என் பேரனுக்குக் காது குத்துவதா? இதைக் கேட்டதிலிருந்து வீரமுத்து சாப்பிடும்போது தலையை நிமிர்த்துவதில்லை. ஆகையால் நடந்தது என்ன என்பதை ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

ஆவணி முதல் வாரம் மாப்பிள்ளையிடம் ஒரு தூக்கு நிறையப் பொரிவிளங்காய் உருண்டை கொடுத்தனுப்பினீர்கள். அரிசியும் பயறும் வறுத்து அரைத்து வெல்லப்பாகில் பிடித்த அந்தப் பலகாரத்தில் நான் குறை சொல்லவில்லை. பாகு கொஞ்சம் முற்றிவிட்டது, அவ்வளவுதான். என் மருமகள் ஆண்டாள் உருண்டையை உரலில் போட்டு உலக்கையால் உடைக்கப் போனாள். சம்பந்தி வீட்டுப் பலகாரத்தை மாப்பிள்ளை கண்ணெதிரே உலக்கையால் இடிப்பது மரியாதையா? நான் தடுத்து, முழு உருண்டையை வலது கடைவாயில் வைத்து ஒரே கடி கடித்தேன். உருண்டை உடைந்தது. உள்ளே "டிக்" என்று இன்னொரு சத்தமும் கேட்டது. மாப்பிள்ளை, "அறுபத்தாறு வயசுல அத்தைக்கு இன்னா பல்லு!" என்று ஆச்சரியப்பட்டார். அதற்குமேல் நான் எப்படி "ஆ" என்று சொல்வது?

அன்று பிடித்த வலி. அதுவும் ஊரில் எல்லோருக்கும் வருகிற வலி இல்லை. கடித்தால் வலிக்காது. கடித்ததை விடும்போதுதான், கீழ்ப்பல்லும் மேல்பல்லும் பிரிகிற அந்த நொடியில், ஊசியை ஏற்றினாற்போல் காதுவரை பாயும். பச்சைத் தண்ணீர் பட்டாலும் பாயும். அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோல் சும்மா இருக்கும். இதைச் சொன்னால் யாராவது நம்ப வேண்டுமே! கள்ளக்குறிச்சியில் ஒரு டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். படத்தில் பல்லெல்லாம் வரிசையாக நன்றாகவே இருந்தன. "மனசுல ஏதாவது கவலையாம்மா?" என்றார். பல் வலிக்கிறது என்று போனவளிடம் மனசைக் கேட்டால் என்ன சொல்வது? பஸ் ஸ்டாண்டு பக்கம் பல் கட்டுகிற ஒருவர் இருக்கிறார். "எதுன்னு நீங்களே காட்டுங்க, புடுங்கிடலாம்" என்றார். எது என்றுதானே எனக்கே தெரியவில்லை? பக்கத்துப் பக்கத்தில் மூன்று பல், எதைத் தொட்டாலும் அதுதான்போல இருக்கிறது. "அப்ப மூணையும் எடுத்துட்டா ஒண்ணு தப்பாதில்ல?" என்றார். எழுந்து வந்துவிட்டேன். மலையிலிருந்து தேன் கொண்டுவரும் வேடியப்பன், "இத்த ஒதுக்கிக்கினு இரு ஆயா" என்று ஒரு கடுக்காய்த் துண்டு கொடுத்தார். ஒதுக்கிக்கொண்டேன். வலி போகவில்லை, நாக்கில் ருசிதான் போயிற்று. இரண்டு நாள் நான் வைத்த குழம்பை வீட்டில் ஒருவரும் வாயில் வைக்கவில்லை.

கடைசியில் ஆண்டாள்தான், "ஏன் அத்தே, கடிச்சா வலிக்கல, விட்டாத்தான் வலிக்குதுன்றீங்க. அப்ப விடாம கடிச்சிக்கினே இருங்களேன்" என்றாள். கேலிதான் செய்தாள். ஆனால் யோசித்துப் பார்த்தால் அதில் என்ன பிசகு? நான் வாயை இறுக்கிக் கடித்துக்கொண்டேன். வலி இல்லை! கஞ்சியைப் பல் சந்து வழியாக உறிஞ்சிக்கொண்டு, சொல்ல வேண்டியதைக் கடைக்குட்டியின் சிலேட்டில் எழுதிக் காட்டிக்கொண்டு காலம் தள்ளினேன். ஐந்தாம் வகுப்புவரை படித்தது அப்போதுதான் உதவியது.

இரண்டாம் நாள், ஆவணி கடைசி வெள்ளி, தாங்கள் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் பத்திரிகையுமாக வந்தீர்கள். சிலேட்டு பள்ளிக்கூடம் போயிருந்தது. ஆண்டாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தாள். "இன்னா சம்மந்தி, நல்லா கீறீங்களா?" என்றீர்கள். "ம்" என்றேன். "ஐப்பசி பத்து காதுகுத்து. மாமன் சீரோட வந்துடணும்" என்றீர்கள். "ம்ம்" என்றேன். தாடை இறுகி, நெற்றி சுருங்கி, கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறவளைப் பார்த்தால் முறைப்பது மாதிரிதான் இருக்கும். எனக்குத் தெரியாதா? காப்பிகூடக் குடிக்காமல் எழுந்து, "வாய்ல கொழுக்கட்டையா வெச்சிக்கினு கீறாங்க?" என்று வாசலில் சொல்லிக்கொண்டே போனீர்கள். கொழுக்கட்டை இல்லை சம்பந்தி, தங்கள் உருண்டை.

அடுத்த வாரம் சேலம் போய்க் காட்டிவிடுவது என்று கிளம்பினேன். "பஸ் ஓடாதும்மா, இடஒதுக்கீடு கேட்டு ரோடெல்லாம் மறியல் பண்ணப் போறாங்க" என்றான் வீரமுத்து. "பல்லுக்கு மறியல் தெரியுமா?" என்று சிலேட்டில் எழுதினேன். விடியற்காலை பஸ் பிடித்தோம். தங்கள் ஊருக்கு இரண்டு மைல் இருக்கும்போது ஒரு புளியமரத்தை ரோட்டின் குறுக்கே தள்ளி நம் பக்கத்து ஆட்கள் நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகளுக்குப் படிப்பிலும் வேலையிலும் பங்கு கேட்கிறார்கள். நாளைக்கு ராதிகாவுக்கும் அது வேண்டும், நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு மைல் நடந்து தங்கள் வீட்டுக்கே வந்திருக்கலாம். வந்து மறுபடியும் "ம்" என்று நின்றால் என்ன ஆகும்? வெயிலில் அந்த மரத்தின்மேலேயே உட்கார்ந்தேன்.

அங்கே முன்னால் நின்று கோஷம் போட்டுக்கொண்டிருந்தவர் பெயர் பிச்சைமுத்து. "ஆயா ஏன் பேச மாட்றாங்க? நம்ம மேல கோவமா?" என்று கேட்டார். வீரமுத்து விவரம் சொன்னான். பிச்சைமுத்து மரத்துக்கு அந்தப் பக்கம் திரும்பி, "டாக்டர் சார், இங்க ஒரு கேசு கீது!" என்று கத்தினார். எதிரே நின்றுபோன பஸ்ஸில் சேலத்துப் பல் டாக்டர் பொன்னுரங்கம் மாட்டிக்கொண்டிருந்தார். வந்து, அதே புளியமரத்தில் ஒரு குச்சியை ஒடித்துச் சீவி, டீக்கடை வெந்நீரில் முக்கி, என் பல் ஒவ்வொன்றின் மேலும் முனை முனையாக மாற்றி வைத்துப் பார்த்தார். "கடிங்க" என்றார். கடித்தேன். "விடுங்க." ஒன்றுமில்லை. "கடிங்க. விடுங்க." ஒன்றுமில்லை. நூறு பேரும் கோஷத்தை நிறுத்திவிட்டு என் வாயையே பார்க்கிறார்கள். கடைசிப் பல்லுக்கு முந்தின பல். "கடிங்க. விடுங்க." நான் போட்ட சத்தத்தில் மரத்துக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த போலீஸ்காரர்கள் எழுந்துவிட்டார்கள்.

"இன்னா சார், கடிக்கச் சொல்ல சும்மா இருந்துக்கினு விடச் சொல்ல கத்துறாங்க?" என்றார் பிச்சைமுத்து. டாக்டர், "அதாங்க விரிசல். மயிரிழை மாதிரி. படத்துல தெரியாது. கடிச்சா விரியும், விட்டா டக்குனு மூடும். கதவு மூடும்போது விரல் மாட்டுற மாதிரி உள்ள நரம்பு மாட்டிக்குது" என்றார். "அம்மா பொய் சொல்லல" என்றும் சொன்னார். ஒரு மாதத்தில் எனக்கு யாரும் சொல்லாத வார்த்தை. பிடுங்க வேண்டுமா என்று வீரமுத்து கேட்டதற்கு, "விரிசல் வேர்வரைக்கும் இறங்கியிருந்தா புடுங்கணும். இல்லன்னா வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடுற மாதிரி ஒரு வளையம் போட்டுப் பார்க்கலாம். வலி நின்னா மேல தொப்பி. இப்படிக் கடிச்சிக்கினே இருந்தீங்கன்னா விரிசல் இன்னும் கீழ இறங்கும், விடுங்க" என்றார். நான் மேற்கொண்டு கேட்பதற்குள் மறியல்காரர்கள் வாயைத் திறந்துகொண்டு வரிசையில் நின்றுவிட்டார்கள். டாக்டருக்கு மோர் வந்தது, வெள்ளரிக்காய் வந்தது. எனக்கு உட்கார்ந்திருந்த இடம்கூடப் போயிற்று.

ரோடு திறந்ததும் சேலம் போய் வளையம் போட்டோம். இரண்டு வாரம் வலி இல்லை. நேற்று தொப்பியும் போட்டாயிற்று. இப்போது இரண்டு பக்கமும் மெல்லுகிறேன், பேசுகிறேன். ஆகவே அன்று நான் பேசாதது பல்லால் வந்த குற்றமே தவிர, என் மனதில் ஒரு கடுகளவும் இல்லை என்பதைத் தாங்கள் நம்ப வேண்டும். ஐப்பசி பத்தாம் தேதி வீரமுத்து சீரோடு வந்து மடியை வைத்துக்கொண்டு உட்காருவான். தாங்கள் பிள்ளையைத் தூக்கி அதில் வைத்தால் போதும்.

மாப்பிள்ளைக்கும் மலர்விழிக்கும் என் ஆசிகள். தமிழழகன் கடைசிவரை முப்பத்திரண்டு பல்லோடும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
பெரியம்மாள்

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன் கடிதத்தை ஆண்டாளிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு, பல்லை இறுக்கிக் கடித்துக்கொண்டு என் முகத்துக்கு நேராக "வாங்க" என்றாள். தெளிவாகக் கேட்டது. நானும் சொல்லிப் பார்த்தேன். வருகிறது. "உக்காருங்க"கூட வருகிறது. சாமி பொதுவில் உண்மையையே எழுதிவிடுகிறேன். அன்று தாங்கள் செருப்பைக் கழற்றும்போதே, "பேரனுக்கு எங்க வூட்டு மூக்கு, எங்க வூட்டு நெத்தி. உங்க பக்கம் ஒண்ணுமே வரல சம்மந்தி" என்று சொல்லிக்கொண்டுதான் உள்ளே வந்தீர்கள். வலிக்காவிட்டாலும் நான் "வாங்க" என்று சொல்லியிருக்க மாட்டேன். போகட்டும், மூக்கு தங்களுடையதாகவே இருந்துவிட்டுப் போகட்டும். மடி எங்களுடையது. தமிழழகனின் புது போட்டோ ஒன்று உடனே தபாலில் அனுப்பவும். எங்களிடம் இருப்பது மூன்றாம் மாதத்தில் எடுத்தது, அதில் மூக்கு இன்னும் சரியாக வரவில்லை. பக்கவாட்டில் எடுக்கச் சொல்லவும்.